உள்ளே ஒரு எண், வெளியே ஒரு எண்

ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கேபிள் இழுக்கத்தான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம், துறைமுகச் சாலையில். கம்ப்யூட்டர் பார்த்தவர் வேலையை விட்டதும் அதுவும் என் தலையில் விழுந்தது.

அங்கே சொந்தமாக ஒரு மெயில் சர்வர். அதற்கு முன்னால் ஃபயர்வால். புதிய சர்வர் மாற்றியபோது அதன் பெயருக்கு உரிய எண்ணை இரண்டு இடத்தில் பதிய வேண்டியிருந்தது. அலுவலகத்துக்குள் கேட்டால் உள் எண். வெளியிலிருந்து கேட்டால் ஃபயர்வாலின் வெளி எண். துறைமுகத்துக்குள் மூன்றாம் ஷெட் என்று வழி சொன்னால் போதும். வெளியூர் லாரிக்கு அது போதாது. இது எனக்குத் தெரியும். இருந்தும் அவசரத்தில் இரண்டிலும் உள் எண்ணையே போட்டேன்.

எங்களுக்குள் மெயில் அனுப்பிப் பார்த்தோம். வந்தது. வெளியிலிருந்து அனுப்பிப் பார்க்காமலே எழுந்துவிட்டேன்.

மாதா கோயில் திருவிழா வாரம் அது.

“ஏலே, வெளிய இருந்து ஒன்னுமே வரலியே?” என்றார் முதலாளி.

“திருவிழால்லா அண்ணாச்சி.”

டைப் அடிக்கும் அக்கா திரும்பினார். “ஏன், கிரீஸ் கப்பல்காரனும் சப்பரம் தூக்க வந்துட்டானோ?”

சிரித்தோம். நானும்தான்.

என் தம்பிக்கும் அங்கேதான் கப்பல் வேலை கேட்டிருந்தோம். கேட்டு எட்டு மாதம். தினமும் கேட்பான், “வந்துச்சாண்ணே?” என்று.

வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் கம்பெனி போன் செய்தது. அனுப்பிய மெயில் உங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள். வெளி எண்ணைப் பார்த்தேன். மாற்றினேன். ஒரு நிமிட வேலை. மத்தியானத்துக்கு மேல், தேங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மூன்றாவதாக வந்த மெயிலில் தம்பிக்கு வேலை. வியாழன் மாலைக்குள் பதில் வேண்டும் என்றிருந்தது.

முதலாளி அந்த மெயில் அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டு, “வேற ஆளப் போட்டாச்சாம்லே” என்றார்.

வீட்டுக்குப் போனேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“வந்துச்சாண்ணே?”

“வந்துச்சு. நேத்தோட முடிஞ்சிட்டு. நாந்தான் நம்பரத் தப்பாப் போட்டுட்டேன்.”

சோற்றைப் பிசைந்தான்.

“எந்தக் கப்பலு?”

சொன்னேன்.

“நல்ல கப்பல்தான்” என்றான்.

இப்போதெல்லாம் எண் எதையாவது மாற்றினால், வெளியிலிருந்து போகிறதா என்று, வீட்டுக்கு வந்து தம்பியின் போனிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பேன். போனை நீட்டுவான். “வந்துச்சாண்ணே?” என்று கேட்பதில்லை.