வில்லனுக்கு ஒரு பூசை

உறுவையாறு கிராமத்து வெரோனிகாவின் கணவர் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து இறந்தார். அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று முதலாளி கைகழுவிவிட்டார்.

டிவியில் ஒரு சூப்பர் ஹீரோ தொடர். ஆலை விபத்தில் மனைவியைப் பறிகொடுத்த வில்லன் இரும்பன், அந்த ஆலையை இடிக்கப் போனான். ஹீரோ பறந்து வந்து அவனைக் கொன்று முதலாளியைக் காப்பாற்றினான். வெரோனிகாவுக்காகக் கோபப்பட்ட ஒரே ஆளும் போய்விட்டான்.

மறுநாள் அவள் மாதா கோயிலுக்குப் போய், இரும்பனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசையில் பேர் வாசிக்க, பூசைக் கருத்து எழுதச் சொன்னாள்.

கருத்து எழுதும் கோயில் உபதேசியார் சிரித்தார். “டிவி வில்லன் பேர பூசையில எப்படிமா வாசிக்கிறது?”

வெரோனிகா மேசையில் ஓங்கி அடித்தாள். “இன்னா சிரிக்கிறீங்க? ஆலைய இடிக்கப் போனவன் வில்லன்னா, எம் புருஷன கொன்னவன் யாரு? அவன் பேர மட்டும் திருவிழா பூசையில உபயம்னு மைக்குல வாசிச்சீங்களே!”