வள்ளம் ஏறியபின் வந்த அறிக்கை

“நோய் வருத்தத்துக்கு நம்பர் போடுறதுக்கும் ஒரு படிப்போ?” என்று எங்கள் தீவுக் கிராமமான நாரந்தனையில் மாமா கேட்டார்.

“ஓம் மாமா, சோதினையும் இருக்கு” என்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். அந்தச் சோதனையிலும் சித்தியடைந்தேன்.

இப்போது யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் வேலை. நோயாளி வீடு போனபின் அவருடைய சீட்டு எங்களிடம் வரும். முன்பக்கத்தில் வைத்தியர் எழுதியிருக்கும் நோய்க்கு, உலகம் முழுவதற்கும் பொதுவான குறியீட்டைப் போட வேண்டும்.

ஒரு காலை நெடுந்தீவுக்காரர் ஒருவரின் சீட்டு வந்தது. முன்பக்கத்தில் ‘சிறுநீரக வலி’ மட்டும். அதற்குரிய குறியீடு ‘என்23’. ஆனால் நெடுந்தீவார் பின்னேர வள்ளத்தைப் பிடிக்க, ஸ்கான் அறிக்கை வருமுன்பே வீடு போகத் துண்டு வெட்டிக்கொண்டு ஓடுவார்கள். தீவுக்காரி எனக்கு அது தெரியாதா? சீட்டைப் புரட்டினேன். பிந்தி வந்த அறிக்கை பின்னால் ஒட்டியிருந்தது. சிறுநீர்க்குழாயில் கல் அடைத்து, சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. வெறும் வலியல்ல, அடைப்பு. என்13.2!

“முன்பக்கத்தைப் பார்த்துப் போடும். நீர் என்ன டொக்டரோ?” என்றார் பக்கத்துக் கதிரை அக்கா.

உண்மைதான், நானாக நோயை மாற்ற முடியாது. வைத்தியர்தான் மாற்றிக் கையெழுத்திட வேண்டும். சீட்டோடு நோயாளர் விடுதிக்கு ஓடினேன்.

வைத்தியர் வாசித்ததும் எழுந்துவிட்டார். “ஆள் எங்கை?”

“நேற்று வள்ளம் ஏறிட்டார், சேர்.”

“கோல் எடும். காய்ச்சலோ எண்டு கேளும். அடைப்போட காய்ச்சலும் வந்தால் ஆளுக்கே ஆபத்து.”

நோயாளியின் மனைவிதான் போனை எடுத்தார். “விடியத் தொடங்கி நடுங்கிக்கொண்டு கிடக்கிறார், பிள்ளை. மாடு கண்டு ஈனப் போகுதெண்டு ஓடி வந்தவர். இப்ப மாடு எழும்பி நிக்குது, இவர்தான் கிடக்கிறார்.”

வைத்தியர் நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அம்புலன்ஸ் படகை ஒழுங்கு செய்தார். “வெளிக்கிடுங்கோ அம்மா, படகு வருது!” என்று நான் போனில் கத்தியது விடுதி முழுவதும் கேட்டிருக்கும்.

அன்றே குழாய் வைத்து, தேங்கியிருந்த சீழை எடுத்தார்கள். ஆளும் தப்பினார், சிறுநீரகமும் தப்பியது. வைத்தியர் புதிதாக எழுதினார்: கிருமித் தொற்றுடன் அடைப்பு. என்13.6. அந்த எண்ணைப் போட்டபோது எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை.

“சரி டொக்டர், பழசுகளையும் பாப்பமோ?” என்று அக்கா சிரித்தார்.

நேற்று இருவருமாக, தீவு முகவரியும் என்23உம் உள்ள பழைய சீட்டுகளை அலுமாரியிலிருந்து இறக்கினோம். மூன்றின் பின்பக்கத்தில் அடைப்பு இருந்தது. மூன்றையும் வைத்தியரின் மேசையில் வைத்துவிட்டேன்.