வெல்லம் தின்று எடுத்த எக்ஸ்ரே

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியில் எனக்கு வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியைத்தான் ரிக் என்கிறோம். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த வண்டியை இந்தியா முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது ஆப்பிரிக்கா வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். வண்டி கப்பலில் போய்விடும். கூடப் போகும் ஆட்களுக்கு வேலை விசா வேண்டும். அதை வாங்கித் தருவதுதான் என் பொறுப்பு. நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பாஸ்போர்ட், போலீஸ் சான்று, மருத்துவச் சான்று எல்லாம் சேர்த்து அனுப்புவேன். விசா வந்தால் முதலாளிக்குக் கும்பிடு, வராவிட்டால் எனக்குத் திட்டு. பழகிவிட்டது.

போன வருடம் ஆப்பிரிக்கா போக, துளை போடும் டிரில்லர் ஒருவர் பெயர் கொடுத்தார். மீசை முளைக்கும் முன்பே ரிக்கில் ஏறியவர். என்னை அக்கா என்பார். வழக்கமாக ஆட்கள் தனியாகத்தான் வருவார்கள். இவர் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். நான் கேட்பதற்கெல்லாம் அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். கிளம்பும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏனுங்க்கா, அங்கெல்லாம் வண்டிய தண்ணி உட்டுத்தான் ஓட்டுவாங்களாமா?”

“ஆமா, அங்க அப்படித்தான் சட்டமாம். ஏன், நீயும் போய் ராடு மாட்டப் போறியா?” என்றேன். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்களைச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தம், கண், நெஞ்சு எக்ஸ்ரே. ரிக்காரர்கள் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதே விசாவுக்காகத்தான். இத்தனை காலம் அவர்கள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே யாரும் பார்க்க நினைத்ததில்லை. மற்றவர்களுக்கெல்லாம் சான்று வந்தது. இவருக்கு மட்டும் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள், அது இல்லை. பிறகு டாக்டரே என்னைப் போனில் கூப்பிட்டார். நுரையீரல் முழுக்கக் கல் தூசி படிந்திருக்கிறது, இது போகாது என்றார்.

அந்தத் தூசியை எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் பெரும்பாலும் காய்ந்த பாறையில் தண்ணீர் விடாமல் அப்படியே ஓட்டுவார்கள். கம்ப்ரசர் காற்று கல்லைப் பொடியாக்கி மேலே துப்பும். அடியில் ஊற்றுத் தண்ணீர் வரும்வரை வெறும் புழுதிதான். பக்கத்தில் நிற்பவர்கள் மாவு மில்லில் வேலை செய்பவர்கள் போல வெள்ளையாகிவிடுவார்கள். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறவில்லை.

“அது ஒண்ணுமில்லீங்க்கா. புழுதி தானுங்க? வெல்லம் தின்னா எறங்கிப் போயிரும். இன்னொருக்கா படம் எடுக்கச் சொல்லுங்க, போதும்.”

இதை இங்கே ரிக்கிலும் மில்லிலும் எல்லாரும் நம்புகிறார்கள். வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம், ஒரு வாழைப்பழம். தொண்டைத் தூசியோடு நெஞ்சுத் தூசியும் இறங்கிவிடுமாம். அவர் ஒரு வாரம் சோற்றைக் குறைத்து உருண்டை வெல்லமும் பூவன் பழமுமாகத் தின்றார். இரண்டாவது எக்ஸ்ரேவுக்கு நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரிக்குள் போகுமுன் கடைசி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, “இந்தத் தடவ பாஸாயிருவேன்” என்றார்.

படம் மாறவில்லை. டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்: இனி புழுதியில் நிற்கக் கூடாது, நின்றால் மூச்சுவிடவே சிரமமாகிவிடும். இருவரும் வெளியே வந்து பஸ் ஏறினோம். பிறகு, “ஊட்ல சொல்லீராதீங்க்கா. விசா வல்லைன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். சரி என்றேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மறுநாளே முதலாளியிடம் போய், அவருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் குடோனில் வேலை கொடுங்கள் என்றேன்.

“குடோனுக்கு ஆளு இருக்குதும்மா. புதுச்சத்திரத்துப் பக்கம் வண்டிக்குத்தான் ஆளில்ல.”

“டாக்டர் அன்ஃபிட்னு சொல்லிட்டாருங்க சார்.”

“அது அந்த நாட்டுக்கும்மா. இங்க யாரு மெடிக்கல் கேக்கறா?”

முதலாளி கொடுமைக்காரர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் குரலை உயர்த்திப் பேசினேன். கேட்டுக்கொண்டே கணக்கு நோட்டைப் புரட்டினார். டிரில்லரும் மறுக்கவில்லை. வேறு வேலை அவருக்குத் தெரியாது. அடுத்த வாரமே புதுச்சத்திரம் வண்டியில் ஏறிவிட்டார். கூடப் பெயர் கொடுத்தவர்கள் விமானம் ஏறினார்கள்.

சில நாள் கழித்து அவர் மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எல்லாத்துக்கும் விசா வந்துச்சாமா. எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் ஏன் வல்லீங்க? நீங்க ஒழுங்கா எழுதிப் போட்டீங்களா இல்லியா?”

வாக்குக் கொடுத்திருந்தேனே, வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஆனால் அவள் விடுவதாக இல்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். “உன் வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்லம்மா. அதனாலதான் குடுக்கல.”

அழுவாள் என்று நினைத்தேன். என்னை ஏதோ விவரம் கெட்டவளைப் போலப் பார்த்தாள்.

“அது எனக்குத் தெரியாதுங்களா? பக்கத்துல படுத்துக்கிட்டு அந்த இருமலக் கேக்கறவ நானுங்க்கா. அங்க தண்ணி உட்டு ஓட்டுவாங்க, புழுதி இருக்காதுன்னாங்க. அதுக்கோசரந்தானுங்க போகச் சொன்னதே. சம்பளத்துக்காகவா அனுப்பினேன்?”

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள். கோபமெல்லாம் போய்க் குரல் தணிந்திருந்தது.

“இன்னொருக்கா எழுதிப் போடுங்க்கா. அங்க போனா நல்லாயிருவாருன்னு விசா குடுக்கறவங்களுக்குத் தெரியாதுல்லீங்க, அத எழுதுங்க.”

எழுதுகிறேன் என்றேன். வீட்டுக்காரர் அன்றைக்கும் காலையிலேயே புதுச்சத்திரம் வண்டிக்குக் கிளம்பிவிட்டதாகப் போகும்போது சொன்னாள்.