செயின் இல்லாத சைக்கிள்

என் மகனின் சைக்கிளில் சில நாட்களாகச் செயின் இல்லை. வீட்டில் அதை முதலில் கவனித்தவன் நான்தான். கவனித்துவிட்டு என்ன செய்தேன்? "இன்னாடா, செயினை அடகு வெச்சிட்டியா?" என்று ஒரு ஜோக் அடித்து நானே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு வீட்டில் யாரும் சிரிப்பதில்லை என்பதால் அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பள்ளியிலிருந்து பி.டி. சார் போன் செய்தபோது ஒரகடம் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலையாக நின்றுகொண்டிருந்தேன். "பயப்படாதீங்க, ஆனா உடனே வாங்க" என்றார். சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்டேன். "பையன் பரிசு கிரிசு வாங்கிட்டானா?" என்றார். "ஆமா சார், போலீஸ் கையால தர்றாங்களாம்" என்றேன். அதையும் ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பள்ளியில் லேப் அறைக்கு அனுப்பினார்கள். என் மகன், பிள்ளைப்பாக்கத்துப் பையன் ஒருவன், அவனுடைய அப்பா, ஹெச்.எம்., பி.டி. சார். கூடவே சுடிதார் போட்ட ஒரு பெண். ஸ்டேஷன் எஸ்.ஐ. என்று ஹெச்.எம். சொன்ன பிறகுதான் தெரிந்தது. மேசைமேல் ஒரு சைக்கிள் செயின். அதில் ஒரு கண்ணி மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. அதை மாற்றிப் போட்டவனே நான்தான்.

பள்ளியும் ஸ்டேஷனும் சேர்ந்து இந்த வருஷம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பையன்களுக்குள் சண்டை மூளுவது தெரிந்தால் அடி விழும் முன்பே பள்ளியிலிருந்து ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட வேண்டும். ஜீப் வராது, காக்கிச் சட்டை வராது. இரண்டு பக்கத்து அப்பா அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். அங்கேயே சமாதானமானால் வழக்கு இல்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "வாத்தியாரும் போலீசும் கூட்டணி வெச்சா பையனுங்க எங்கதான் ஓடுவானுங்க, பாவம்" என்று கத்திக் கைத்தட்டல் வாங்கியவன் நான்.

சண்டை எதற்கு? பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண். அதன் பக்கத்தில் நிற்பது எங்கள் மண்ணூர்ப் பையன்களா, பிள்ளைப்பாக்கத்துப் பையன்களா என்பதுதான் பிரச்சினை. அன்று சாயங்காலம் தீர்த்துக்கொள்வதாக இருந்ததை மோப்பம் பிடித்த பி.டி. சார், என் மகனின் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்.

"செயினைக் கையில சுத்திக்கினு அடிக்கிற வித்தையெல்லாம் யாரு தம்பி சொல்லிக் குடுத்தது?" என்றார் எஸ்.ஐ.

"எங்கப்பா" என்றான் என் மகன். குரலில் பயமே இல்லை, பெருமை இருந்தது. "ஐ.டி.ஐ. படிக்கசொல்லோ எங்கப்பாதான் ரூட்டு தல, அந்த பஸ்ல போற பசங்களுக்கெல்லாம் லீடரு. ஒரே ஆளா எட்டு பேரை பஸ்ஸை வுட்டு எறக்கினாரு. நான் போய் இவன்கிட்ட சாரி சொன்னா எங்க வூட்டு மானம் இன்னா ஆவுறது?"

"இங்கயே முடிச்சிக்கினா இதோட போச்சு. இல்லன்னா நான் கேஸ் எழுதித்தான் ஆவணும். பரீட்சை எழுத வேண்டிய பையன் நீ."

"எழுதிக்கோங்க மேடம்" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கதையை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளப் பரிமாறியிருக்கிறேன்! எதிரிகள் முதலில் மூன்று பேர்தான். எனக்குத் தொப்பை போடப் போட அவர்கள் எட்டாகிவிட்டார்கள்.

"பொய்டா" என்றேன். "நான் சீட்டுக்கு அடியில இருந்தேன். கருவாட்டுக் கூடைக்கும் ஜன்னல் பக்கத்து காலுக்கும் நடுவுல. கருவாடு விக்கிற அக்கா முந்தானையால என்னை மூடி, 'என் தம்பி, காய்ச்சல்'னு சொல்லி காப்பாத்துச்சு. அவனுங்க எறங்குற வரைக்கும் நான் தலையைத் தூக்கல."

பிள்ளைப்பாக்கத்து அப்பா சிரித்துவிட்டார். "கருவாட்டுக் கூடையா!" ஹெச்.எம். இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு அது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அன்னிக்கு செயின் அடி பட்டவன் என் கூட்டாளி" என்றேன். "இப்பவும் அவனுக்கு ஒரு கண்ணு தெரியாது. வாலாஜாபாத்ல கடை வெச்சிகினு கீறான். அந்தப் பக்கம் போனா, அவன் என் மூஞ்சியைப் பாத்துடக் கூடாதுன்னு நான் ஹெல்மெட்டைக் கழட்டவே மாட்டேன்."

சிரிப்பு நின்றது. என் கதையில் இத்தனை வருஷமும் ஒரு சொட்டு ரத்தம் இருந்ததில்லை. இருந்தால் பிள்ளை ரசித்துக் கேட்டிருப்பானா?

மகன் என்னை ஒருமுறை பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பதில் அவன் என்னை அடித்திருக்கலாம். பிறகு அந்தப் பையன் பக்கம் திரும்பி, "சாரி மச்சி" என்றான். மனம் மாறிச் சொன்னானா, என்னோடு ஒரே அறையில் இருக்கப் பிடிக்காமல் சீக்கிரம் வெளியே போவதற்காகச் சொன்னானா, தெரியாது. அந்தப் பையனும் "சாரி" என்றான். எஸ்.ஐ. செயினை எடுத்து மகன் கையில் கொடுத்தார். "வண்டில மாட்டு."

வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்டினான். உதவப் போனேன். "நீ வேற எதனா கதை சொல்லுவ, போப்பா" என்றான். போகாமல் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமல் கேட்டான். "எட்டு பேருன்றதும் பொய்யா?"

"எண்ணலடா. அடியில இருந்து காலுங்கதான் தெரிஞ்சுது."

சிரிக்கவில்லை. "அவரு கண்ணு?"

"அது நெசம்."

பெடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். செயின் ஓடியது. கிரீஸ் கறையோடு எழுந்து, எனக்கு இடம் விட்டு விலகி, உள்ளே போனான்.