புது டி.வி.யில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

டி.வி. மாட்டப் போகிறவன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைப் பார்ப்பான். வீட்டுக்காரர் முதலில் அவன் செருப்பைப் பார்ப்பார். அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை பைக்கில் டிரில்லிங் மெஷினைக் கட்டிக்கொண்டு அலைகிறவன் நான். கடைக்காரர் பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் வருகிற சந்தேகமெல்லாம் என் தலையில்தான் விடியும். முதல்முதலாக எச்.டி. டி.வி. வாங்கிய உங்களுக்கும் அந்த நாள் நினைவிருக்கும். சுவர் பெயர்ந்ததற்காக என்னைப் போல ஒருவனை மனதுக்குள் திட்டியிருப்பீர்கள், பரவாயில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மாட்டி முடித்ததும், “இதில் முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?” என்று கேட்டுவிடுவேன். வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

நெற்றியில் பொட்டு

மண்ணூர்பேட்டையில் ஒரு வீடு. மாட்டி முடித்ததும் வீட்டுக்காரம்மா சூடம் காட்டினார், டி.வி.யின் நடு உச்சியில் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தார். ஓரச் சட்டத்தில் வைத்திருந்தால் நான் ஏன் வாய் திறக்கப் போகிறேன்? இந்தக் காலத்து டி.வி.க்குச் சட்டமே நூல் அளவுதான். பொட்டு திரையில் இறங்கிவிட்டது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளையும் உரிக்கக் கூடாது என்றார்; உரித்தால் பழசாகிவிடுமாம்.

முதலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். செய்தி என்றார். செய்தி வாசிக்கிறவர் வந்தார். பொட்டு அவர் நெற்றிக்கு நேராக, அளவெடுத்து வைத்தது போல உட்கார்ந்துகொண்டது. துடைத்துவிடட்டுமா என்று துணியை எடுத்தேன். அந்தம்மா என் கையைத் தடுத்துவிட்டுச் சொன்னார்: “வுடுப்பா, இப்பத்தான் அவுரு நம்மூட்டு ஆளு மாரி கீறாரு.”

இரண்டு பக்கமும் கறுப்பு

பூந்தமல்லியில் ஒருவருக்குத் திரையின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வருகிறது என்று புகார். பழைய படங்கள் சதுரமாக எடுத்தவை, அப்படித்தான் வரும் என்று விளக்கினேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. சரி என்று படத்தை இழுத்துத் திரை முழுக்கப் பரப்பிவிட்டேன். கதாநாயகி இரண்டு மடங்கு அகலமானாள்; அவள் ஓட்டி வந்த சைக்கிளின் சக்கரம் முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது.

இப்படியே இருக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நிம்மதியாகச் சொன்னார்: “குண்டா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்பா, எடம் காலியா இருக்கக் கூடாது.”

நான் ஆட்டிய தலை

இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு. ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிற தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் செல்லதுரை என்று ஒரு வெல்டர், மதுரைப் பக்கத்துக்காரர். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவர். அவர் வீட்டில் இருந்தது பழைய குண்டு டி.வி.க்கு வாங்கிய கேபிள் பாக்ஸ். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். டி.வி. எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அந்த பாக்ஸ் கொடுக்கிற மங்கல் படத்தைத்தான் காட்டும். எச்.டி. பாக்ஸ் தனியாகப் போட வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், “கடையில ஏன் சொல்லல?” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் போகும். எனக்கோ அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி.

படம் வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வழக்கம்போலக் கேட்டும் வைத்தேன். ஜனவரி இருபத்தாறாம் தேதி டெல்லி அணிவகுப்பு என்றார். ஊர்வலத்தில் அவர்கள் தொழிற்சாலை டாங்கி வருமல்லவா, அதைப் பார்க்கவாம். கிளம்பும்போது வாசல்வரை வந்து கேட்டார்: “அதுல ஒரு வெல்டிங் கோடு இருக்கு தம்பி, அது தெரியும்ல?” தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சட்டை ஓட்டை

அணிவகுப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்த வீட்டிலிருந்து புகார் வந்தது. போனால், செல்லதுரை டி.வி.க்கு ஒரு அடி தள்ளி முக்காலி போட்டு, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “தம்பி, செய்தி வாசிக்கிறவன் சட்டைப் பொத்தானே தெரிய மாட்டேங்குது. வெல்டிங் எப்படித் தெரியும்?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். டாங்கியின் முன்பக்கம், இடது மூலை. முப்பது வருடமாக அந்த மூலைதான் அவர் வேலை. பெயின்ட் அடித்தாலும் பற்றவைத்த மேடு தெரியுமாம். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, போட்டோ எடுக்க முடியாது. ஒரு ஆயுத பூஜைக்கு மனைவி ராஜத்தைக் கூட்டிப்போனாராம். டாங்கி மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்களாம், பொரி வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். வேலையில் இருக்கும்போதே ஒரு தடவை ராஜத்துக்கு அதைக் காட்டிவிட வேண்டும். அதற்குத்தான் இந்த டி.வி. சமையலறை வாசலில் நின்றிருந்த ராஜம் அம்மா சொன்னார்: “இவரு வேலையில நான் பாத்ததெல்லாம் சட்டையில நெருப்புப் பொறி பட்ட ஓட்டை மட்டுந்தான் தம்பி.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. பாக்ஸ் விஷயத்தை அப்போதே சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். செல்லதுரை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நானும் சில நாள் அவசரத்துல வெல்டிங் போட்டிருக்கேன். அதை செக் பண்ற இன்ஸ்பெக்டர் உரசிட்டு மறுபடி போடச் சொல்வாரு. நீயும் மறுபடி போடு.”

இருபத்தாறாம் தேதி காலை

மறுபடி போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. கேபிள்காரர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். கடைசியில் இருபத்தாறாம் தேதி காலை அண்ணனூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று பாக்ஸை வாங்கினேன். ஆவடி போய்ச் சேரும்போது மணி பத்து. ஒயரை மாற்றிவிட்டேன், ஆனால் பாக்ஸ் உயிர் பெற வேண்டுமே. திரையில் சதவீதம் மட்டும் ஏறுகிறது. எழுபதில் நின்றுவிட்டது. ராஜம் அம்மா எனக்கு வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. செல்லதுரை சலவைச் சட்டை போட்டு, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து அந்த எழுபதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

படம் வந்தபோது அணிவகுப்பு தொடங்கிவிட்டது. ஆனால் என்ன படம்! குதிரையின் பிடரி மயிரை எண்ணலாம். கொஞ்ச நேரத்தில் டாங்கிகள் வந்தன. முதல் டாங்கி திரும்பி, இடது மூலை நேராகத் திரைக்கு வந்தது. மேடு எனக்கே தெரிந்தது. “ராஜம், இந்தா, இதுதான்” என்று செல்லதுரை நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார். ஓடிப்போய் அந்த இடத்தில் விரலை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். டி.வி. முழுக்க அவர் முதுகு. அவர் விலகுவதற்குள் டாங்கிகளெல்லாம் போய், பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர் முகம் செத்துவிட்டது. சாயங்காலம் இணையத்தில் வரும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். ராஜம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அதைச் சாயங்காலம் பாத்துக்கிறேன் தம்பி. மூட்டு வலி, மூட்டு வலின்னு ரெண்டு வருசமா மாடிப்படி ஏறாத மனுசன் எனக்குக் காட்டுறதுக்காக ஓடுனாருல்ல, அதை எந்த டி.வி.யில போடுவான்?”

எவ்வளவு துல்லியமான டி.வி. வாங்கினாலும் முக்கியமான நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் குறுக்கே வந்து நிற்பார் என்பதை டெமோவில் சொல்லச் சொல்லி எங்களுக்கு இதுவரை உத்தரவு வரவில்லை.