சவரிராஜ் பர்மனெண்ட் இல்லை

ஒரே ஆளாக நான்கு கல்லில் தோசை வார்த்து, நான்கையும் கருகாமல் எடுக்கிறவன் நெய்வேலியில் சவரிராஜ் ஒருவன்தான். முதல் ஷிப்டுக்காரர்கள் சுரங்கக் கேண்டீனுக்குள் கால் வைத்ததும், "சவரி வந்துகிறானா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அப்படிப்பட்டவன் பன்னிரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட் ஆள்.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பவர், வீடு வாடகைக்கு விடுபவர், மளிகைக்கடைக்காரர் எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: பர்மனெண்ட்டா, காண்ட்ராக்டா? சவரியும் பெண் பார்க்கப் போன இடத்தில் வாய் கூசாமல் "பர்மனெண்ட்" என்று சொல்லித்தான் செசிலியாவைக் கட்டினான். மூன்றாம் வாரமே குட்டு உடைந்தது. அன்றிலிருந்து கோபம் வந்தால் அவள் அவனைக் கூப்பிடுகிற பெயரே "யோவ் பர்மனெண்டு".

இரண்டாயிரத்து ஒன்றில் கேண்டீன் வேறு காண்ட்ராக்டர் கைக்குப் போனது. மாதக் கடைசியோடு பழைய ஆட்கள் வேண்டாம் என்றுவிட்டார். நல்லவேளையாக, ரிடையராகி லண்டன் போயிருந்த என்ஜினியர் துரைராஜுக்கு இவன் தோசை நாக்கை விட்டுப் போகவில்லை. அங்கே ஓட்டல் வைத்திருந்த மகனிடம் சொல்லி, மூன்று வருடத்துக்கு ஒர்க் பர்மிட் வாங்கிவிட்டார். அந்த போன் வந்தது பக்கத்திலேயே எங்கள் ஊரான வடக்குத்தில் இருந்த என் எஸ்.டி.டி. பூத்துக்கு. அதனால் சவரிக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. போன் என்றால் காதில் விழத்தானே செய்யும்?

பாக்கி விசாதான். சென்னையில் பிரிட்டிஷ் தூதரக ஆபீசுக்கு நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் லண்டனும் இல்லை, கேண்டீனும் இல்லை. துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் பாடம் எடுத்தேன்.

"வேலயப் பத்திக் கேட்டா பர்மனெண்ட்டுனு அடிச்சு வுடு. காண்ட்ராக்டுனா வாசல்லியே தொரத்திடுவான்."

"அந்த வார்த்த மட்டும் வேணாம்ணே. ஒரு தரம் சொல்லிட்டு பதினோரு வருஷமா வாங்கிக்கினு இருக்கேன்."

"அது பொண்டாட்டிடா. இது கவர்மெண்ட்டு."

"ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

உள்ளே நடந்தது அவன் சொல்லி நான் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா. பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு பெண். மாவு அரைப்பதைக் கேட்டபோது, உளுந்து ஊறுகிற நேரம் வரைக்கும் சொல்லிவிட்டான். பிறகு அந்த அம்மா இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டார். சவரி காதில் விழுந்தது 'பர்மனெண்ட்' மட்டும். தமிழ்ப்பெண் வாய் திறப்பதற்குள் இவன் தலையைக் குனிந்துகொண்டு கொட்டிவிட்டான்.

"இல்லீங்கம்மா. நான் பர்மனெண்ட் இல்ல. காண்ட்ராக்டுதான். தேதி முடிஞ்சா கெளம்புன்னுவாங்க, கெளம்பிடுவேன். ஒரு நாளு கூட மேல நின்னது இல்ல. வேணும்னா எங்க காண்ட்ராக்டரக் கேட்டுப் பாருங்க."

மாலையில் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே வந்தவனை நான் கிழித்த கிழியில், டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவாமல் வேடிக்கை பார்த்தார். சவரி அழவில்லை. "செசிலியாகிட்ட நீயே சொல்லிடுண்ணே" என்றான்.

மாலையில் பாஸ்போர்ட்டைப் பிரித்தால் விசா ஒட்டியிருந்தது! இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கொடுத்தது அதே தமிழ்ப்பெண். அவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அங்கேயே பர்மனெண்ட்டா தங்கிடுற எண்ணம் இருக்கானுதாங்க மேடம் கேட்டாங்க. இவ்ளோ தெளிவா யாரும் பதில் சொன்னதில்ல."

வடக்குத்துக்கு வந்ததும் செசிலியாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும் பாஸ்போர்ட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அந்தம்மாகிட்ட சொன்னத எங்கிட்ட ஒரு தரம் சொல்லு."

"என்னா சொன்னேன்?"

"தேதி முடிஞ்சா?"

"கெளம்பிடுவேன்."

"எங்க?"

"இங்கதான் செசிலி. வேற எங்க போவேன்?"

அப்போது அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவே இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.