நன்றி வராமல் நடத்திய அறுப்பின் பண்டிகை

போன வருடம் மாசி மாதத்தில் என் கணவர் சாமுவேல் புளியமரத்திலிருந்து விழுந்தார். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகப் படைக்க, எங்கள் மரத்துப் புளியை உலுக்கப் போனவர் அவர். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வேறு வேலைக்கு ஏறி விழுந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். 'உமக்குப் படைக்கப் போனவரையா கீழே விட்டீர்?' என்று ஆண்டவரிடம் கேட்டேன். அழுதேன்.

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சாமை அறுத்து, புளியும் இறங்கின பிறகுதான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆயர் பல ஊர்ச் சபைகளைப் பார்க்கிறவர். எல்லாப் பண்டிகைக்கும் அவரால் மலையேறி வர முடியாது. அந்த வருடம் ஆராதனையை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். எந்தப் பாட்டு, யார் வேதம் வாசிப்பது, காணிக்கையை யார் முதலில் கொண்டுவருவது என்று நானும் என் கணவரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஆசை ஆசையாகப் பேசி வைத்திருந்தோம்.

விழுந்தவரை முதலில் பார்த்தது பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தன் அண்ணன். அவர் எங்கள் சபை அல்ல, பெருமாளைக் கும்பிடுகிறவர். அவரும் அவர் தம்பிகளும்தான் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தார்ச்சாலை வரை சுமந்து வந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் முதுகில் ஆபரேஷன் நடந்தது.

"கால் வருமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவருக்குத் தெரியவில்லை. கட்டிலோரம் முழங்காலில் நின்று, ஆண்டவரிடம் எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பினபோதும் கால் அப்படியேதான் கிடந்தது.

பண்டிகை நெருங்கியது. ஆயருக்கு போன் செய்து, "என்னால முடியாதுங்க ஐயா, வேற யாரையாவது வெச்சுக்குங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. படுத்திருந்த என் கணவர்தான் விடவில்லை.

"இன்னா எஸ்தரு, நான் படுத்துட்டேன்னு ஆராதனையும் படுத்துக்கணுமா? நீ போய்ட்டு வா. நான் வூட்ல கெடந்தே ஜெபம் பண்றேன்."

அவருக்காகத்தான் போனேன். மனம் இருந்து போகவில்லை.

ஆலயம் நிறைந்திருந்தது. சாமை, தேன், பலாப்பிஞ்சு, கால் கட்டின சேவல். கோவிந்தன் அண்ணனும் ஒரு கூடைப் புளியோடு வாசலில் வந்து நின்றார். எங்கள் மரத்துப் புளி. மீதியை அவரே உலுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. நான் நன்றி சொல்லி ஸ்தோத்திர ஜெபம் செய்ய வேண்டிய இடம். கண்ணை மூடினேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. எல்லாரும் தலை குனிந்து காத்திருக்கிறார்கள். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இன்னைக்கு நன்றி சொல்ல வாய் வரலைங்க. உங்கள்ல யாருக்கு வருதோ அவங்க சொல்லுங்க."

வாசலிலிருந்து கோவிந்தன் அண்ணன் குரல் கேட்டது.

"நான் சொல்லலாமாம்மா?"

"சொல்லுங்கண்ணே."

"உங்க ஜெபம்லாம் எனக்குத் தெரியாது. அன்னிக்கி மரத்தாண்ட ஓடிப் போய்ப் பாத்தப்ப, செத்துட்டாருன்னுதான் நெனச்சேன். மூக்குல கை வெச்சுப் பாத்தேன். மூச்சு இருந்துச்சு. அந்த மூச்சுக்கு உங்க சாமிக்கு நான் நன்றி சொல்றேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காலைக் கேட்டு அத்தனை நாள் அழுதிருக்கிறேன். மூச்சு மிஞ்சினதற்கு ஒரு தரம்கூட ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

அவருக்குப் பிறகு, சபையில் வாயே திறக்காத பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி, மலை இறங்கும்போது வண்டியிலேயே மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதைச் சொன்னாள். இன்னொருத்தி, குடிகாரக் கணவன் பொங்கலிலிருந்து குடிக்கவில்லை என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். நாங்கள் போட்டு வைத்த ஒழுங்கெல்லாம் கலைந்துபோனது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. முடிவில் நான் எழுந்து ஜெபித்தேன். அப்போது வார்த்தை வந்தது.

வீடு திரும்பினபோது என் கணவர் எழுந்து நடந்தார் என்று சொன்னால் அது பொய். கால் அன்றைக்கும் அசையவில்லை. ஆனால் எனக்கு இருந்த கசப்பு போயிருந்தது.

சித்திரையில் ஒரு காலை, வெந்நீரில் துணி நனைத்து அவர் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சுடுது" என்றார்.

"இன்னா சொன்னீங்க?"

"தண்ணி சூடா கீது எஸ்தரு! கால்ல தெரியுது!"

நான் போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது. அதற்கப்புறம் பயிற்சி, வலி, கைத்தடி. இப்போது கோலூன்றி நடக்கிறார். இடது கால் சற்று இழுக்கும். இனி மரம் ஏற மாட்டார். ஆண்டவர் கொடுத்தது எங்களுக்குப் போதும்.

இன்றைக்கும் பெரிய வெள்ளியோ, பெண்கள் ஞாயிறோ, எந்தச் சிறப்பு ஆராதனையை ஆயத்தம் செய்தாலும், ஜனங்கள் பேச ஓர் இடம் விட்டு வைக்கிறேன். அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று நான் திட்டம் போடுவதில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில் இருக்கலாம். துதிக்க மனம் இல்லை என்று ஆலயத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இருக்கிற மனதோடே போங்கள். உங்களால் சொல்ல முடியாத ஜெபத்தை உங்கள் பக்கத்தில் நிற்கிறவர் வாயில் ஆண்டவர் வைத்திருப்பார்.